ஒரு நாள் மருத்துவமனை, இருபது நாள் வீடு

மருத்துவர்கள் கீமோதெரபி என்றும், நோயாளிகள் கீமோ என்றும், பாடநூல்கள் வேதிச்சிகிச்சை என்றும் குறிப்பிடும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சை, பலருக்கு இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை என்ற கணக்கில் தரப்படுகிறது. மருந்தை ஏற்றி, உடல் தேறுவதற்கு இடைவெளி விட்டு, அடுத்த முறை ஏற்றும் வரையிலான காலத்தை ஒரு சுற்று என்பார்கள். மூன்று வாரச் சுற்றில் இருக்கும் ஒருவர் அந்த 21 நாள்களில் மருத்துவமனைக் கட்டிலில் இருப்பது பெரும்பாலும் ஒரு நாள்தான். மீதி 20 நாள்களும் அவர் வீட்டில் இருக்கிறார். குமட்டல் வருவதும், வாய் புண்ணாவதும், இரத்த அணுக்கள் இறங்குவதும், சில சமயம் உயிருக்கே ஆபத்தான காய்ச்சல் தலைகாட்டுவதும் இந்த 20 நாள்களில்தான். ஆயினும் எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், எவ்வளவு செலவு, யார் துணைக்குப் போவது என்று குடும்பங்கள் செய்யும் ஏற்பாடுகளில் பெரும்பகுதி அந்த ஒரு நாளைச் சுற்றியே அமைந்துவிடுகிறது. கீமோவுக்குத் தயாராவது என்பது முதன்மையாக வீட்டையும், அதைவிட முதன்மையாக நோயாளியையும் தயார்ப்படுத்துவது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்வாதத்தைத் தாம்பரத்தில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நீண்டகால நோயோடு வாழ்வதையும் அதை மறைத்து வாழ்வதையும் இந்த ஊர் மூன்று தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆரோக்கியசாலை, 1937-இல் அரசின் கைக்கு வந்து, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வரக் காரணமானதும் அதுதான். நாட்டில் எச்.ஐ.வி. தொற்றுக்கு இலவசக் கூட்டுமருந்து 2004 ஏப்ரலில் வழங்கத் தொடங்கியபோது முதல் மையங்களுள் ஒன்றாக இருந்ததும் அதே மருத்துவமனையே. தனித் தம்ளர், தனித் தட்டு, உறவினரிடம் வேறு பெயர் சொல்லி மறைக்கும் நோய் என்று அக்காலங்களில் படிந்த பழக்கங்கள் இப்போது புற்றுநோய்க்கும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புற்றுநோயோ உணவாலும் தொடுதலாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதே இல்லை.

குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர் என விரியும் இத்தென்புறநகரில் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் செல்லும் வழிகள் பல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 ஜூன் மாதம் 12 படுக்கைகளோடு தொடங்கி, அவருடைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் வளர்த்தெடுத்த அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்குக் கிண்டியில் இறங்கிப் பேருந்து மாறிப் போகிறவர்கள் உண்டு. மின்ரயிலில் பூங்கா நிலையம் வரை சென்று ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்குப் போகிறவர்களும், எதிர்த்திசையில் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களும், குரோம்பேட்டை, பெரும்பாக்கம், தரமணிப் பகுதிகளின் தனியார் மருத்துவமனைகளை நாடுகிறவர்களும் உண்டு. எங்கே சென்றாலும் மருந்து ஏற்றி முடித்து மாலையில் திரும்பி வரும் இடம் ஒன்றுதான்.

புற்றுநோய்ச் சிகிச்சை மூன்று பெரும் பிரிவுகளைக் கொண்டது. கட்டியை வெட்டி எடுக்கும் அறுவை, மக்கள் 'கரன்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு ஆகிய இரண்டும் ஓரிடத்தைக் குறிவைப்பவை. மருந்துச் சிகிச்சையோ இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்வது. அதன் அடிப்படை எளியது: புற்றணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன, எனவே பிரியும் அணுவைத் தாக்கும் மருந்து அவற்றைக் கொல்லும். ஆனால் நல்ல அணுக்களிலும் வேகமாகப் பிரிபவை உண்டு. மயிர்க்கால்கள், வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், இரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜை ஆகியவை அவை. முடி உதிர்வதும், வாய்ப்புண் வருவதும், வயிற்றுப்போக்கு உண்டாவதும், 'கவுன்ட் இறங்குவதும்' தனித்தனிக் கேடுகளாகத் தோன்றினாலும் அனைத்தும் இந்த ஒரே காரணத்தின் கிளைகளே. மஜ்ஜையும் குடலும் சில வாரங்களில் தம்மைச் சரிசெய்துகொள்ளும் திறன் பெற்றவை என்பதால்தான் சுற்றுகளுக்கு இடையே அந்த அளவு இடைவெளி விடப்படுகிறது.

கட்டி கரைந்துவிட்டதாகக் கைக்குத் தெரிந்த பிறகும் ஏன் ஆறு சுற்று என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழுகிறது. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் ஏறத்தாழ 100 கோடி அணுக்கள் இருக்கலாம். ஒவ்வொரு தவணை மருந்தும் இத்தனை கோடி என்று எண்ணிக் கொல்வதில்லை, இருப்பதில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டையே கொல்கிறது என்பதை ஹோவர்ட் ஸ்கிப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960-களில் எலிகளின் இரத்தப் புற்றுநோயில் செய்த ஆய்வுகளில் காட்டினார். 100 கோடியில் 99 விழுக்காடு அழிந்தாலும் ஒரு கோடி மிஞ்சும். அது ஸ்கேனில் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது, ஆனால் மீண்டும் பெருகும். இரண்டாவது மூன்றாவது சுற்றில் உடம்பு தேறியதாகத் தோன்றி, வேலைக்கும் திரும்பி, சிகிச்சையை நடுவில் விட்டுவிடுகிறவர்கள் இழப்பது இந்தக் கணக்கைத்தான்.

இம்மருந்துகளின் வரலாற்றிலும் சென்னைக்கு ஒரு பங்கு இருப்பது பரவலாகத் தெரிந்ததன்று. முதல் உலகப்போரில் பயன்பட்ட கடுகு வாயுவின் உறவான நைட்ரஜன் மஸ்டர்டை 1942-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தது முதல் அடி என்றால், 1948-இல் பாஸ்டன் நகரின் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைத் தந்து அவர்களுள் பத்துப் பேரிடம் தற்காலிக முன்னேற்றம் கண்டது இரண்டாம் அடி. அந்த அமினோப்டெரின், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு உருவாக்கியது. பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதராடை அணிந்ததால் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றோடு வெளியேறியவர். அதே குழுவிடமிருந்து வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. பூங்கா நிலையத்தில் இறங்கிப் பொது மருத்துவமனைக்குக் கீமோவுக்குப் போகும் தாம்பரத்துக்காரர், அம்மருந்தைத் தந்தவர் படித்த கல்லூரியின் வாசலுக்கே போகிறார்.

தோட்டங்களிலும் இடுகாட்டு ஓரங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படும் வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் இம்மருந்துகள் நமக்கு அந்நியமானவை அல்ல என்பதற்கு இன்னொரு சான்று. பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து மிகச் சொற்பமாகவே பிரித்தெடுக்கப்படும் இம்மருந்துகள் மில்லிகிராம் கணக்கில் அளந்து தரப்படுகின்றன. அவற்றில் வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் தவிர்க்க முடியாதது. செடியின் பெயரைக் கேட்டதும் இலையைப் பறித்து அரைத்துக் குடிக்கலாம் என்று கிளம்பும் வாட்ஸ்அப் வைத்தியம் ஆபத்தானது. பச்சிலையில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்பதை எந்தக் குடும்பமும் அளக்க முடியாது.

முதல் ஊசிக்கு முன்னர்

மருத்துவரிடம் முதலில் கேட்டுத் தெளிய வேண்டியது சிகிச்சையின் நோக்கம். நோயை முற்றிலும் அகற்றுவதற்கா, அறுவைக்கு முன் கட்டியைச் சுருக்குவதற்கா, அறுவைக்குப் பின் கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியிருக்கக்கூடிய அணுக்களை அழிப்பதற்கா, அல்லது குணப்படுத்த இயலாத நிலையில் நோயைக் கட்டுக்குள் வைத்து வலியைக் குறைத்து வாழ்நாளை நீட்டுவதற்கா என்பதைப் பொறுத்தே எவ்வளவு துன்பத்தை ஏற்கலாம் என்ற கணக்கு அமைகிறது. மருந்தின் பெயர், மொத்தச் சுற்றுகள், இடைவெளி, பாதியில் பலன் பார்க்கும் பரிசோதனை எப்போது என்பவற்றையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அதன் பின் பரிசோதனைகள். பெரும்பாலான மருந்துகளின் அளவு உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடப்படும் உடற்பரப்பை வைத்து முடிவாகிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் எடை பார்ப்பது வெறும் சடங்கன்று. ஈரலும் சிறுநீரகமும் மருந்தை உடைத்து வெளியேற்றும் உறுப்புகள் என்பதால் அவற்றின் நிலை பார்க்கப்படுகிறது. டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது என்பதால் எக்கோ எடுக்கப்படுகிறது. சிஸ்பிளாட்டின் செவியையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது என்பதால் கேட்கும் திறன் சோதிக்கப்படலாம். ஹெபடைடிஸ் பி கிருமி ஈரலில் ஒடுங்கிக் கிடந்தால் கீமோவின் போது விழித்துக்கொள்ளக்கூடும். அதைக் கண்டறியும் இரத்தச் சோதனையைச் செலவு கருதித் தவிர்ப்பது பின்னால் பெருஞ்செலவில் முடியலாம். சொத்தைப் பல் இருந்தால் பத்துப் பதினைந்து நாள்களுக்கு முன்பே பிடுங்கியோ அடைத்தோ விட வேண்டும். அணுக்கள் இறங்கிய பிறகு ஒரு பல்வேர் இரத்தத்துக்கே கிருமியை அனுப்பும்.

பேசத் தயங்குவதாலேயே கைநழுவும் ஒன்று குழந்தைப்பேறு. சில மருந்துகள் விந்தணு உற்பத்தியையும் சினைமுட்டை இருப்பையும் நிரந்தரமாகக் குறைக்கக்கூடியவை. திருமணமாகாத இளைஞனின் விந்தணுவை உறைய வைக்க ஓரிரு நாள்கள் போதும், பெண்ணின் சினைமுட்டையை எடுக்க ஏறத்தாழ இரண்டு வாரம் தேவைப்படும். முதல் ஊசிக்கு முன்னர்தான் இதற்கு இடமுண்டு. புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் மருத்துவர் இதை எழுப்பாமல் போகலாம், பெற்றோர் கூச்சத்தால் கேட்காமல் இருக்கலாம், கேட்டுவிடுவதே முறை.

தாம்பரத்தில் தவறாமல் எழும் இன்னொரு கேள்வி சித்த மருந்து பற்றியது. 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் சானடோரியத்திலேயே இருப்பதால், ஒரு கையில் கீமோ சீட்டும் மறு கையில் சூரணப் பொட்டலமுமாக வாழ்பவர்கள் இங்கே அரியவர்கள் அல்லர். எந்த மருத்துவமுறை உயர்ந்தது என்பதன்று இங்கே வழக்கு. இரு மருந்துகளும் ஒரே ஈரல் வழியாகவே செல்கின்றன. ஒன்று மற்றொன்றின் அளவை இரத்தத்தில் கூட்டவோ குறைக்கவோ முடியும், ஈரல் பாதிப்பு வந்தால் எதனால் வந்தது என்று இரு மருத்துவர்களாலும் சொல்ல முடியாமல் போகும். எனவே கீமோ நடக்கும் மாதங்களில் கஷாயமோ, லேகியமோ, முள்சீத்தா இலைச் சாறோ எதுவாயினும் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் உள்ளே போகக் கூடாது. திட்டு விழும் என்ற அச்சத்தில் மறைப்பவர்களே அதிகம். திட்டாமல் கேட்டுக்கொள்வது மருத்துவர்களின் கடமை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதலாக ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கத் தரப்படும் டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அது இரண்டு மூன்று நாள்களுக்கு இரத்தச் சர்க்கரையை வெகுவாக உயர்த்தும். மருந்து ஏற்றிய மறுநாள் சர்க்கரை 300-ஐத் தாண்டியதும் பதறிச் சோற்றை நிறுத்திவிடாமல், அந்த நாள்களுக்கான மாத்திரை அல்லது இன்சுலின் அளவை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது எளிது.

பணத்தைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் உதவுகிறது. குடும்ப அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றோடு பதிவு செய்ய வேண்டிய இத்திட்டத்தில் சிகிச்சைக்கு முன்னரே ஒப்புதல் பெறுவதே வழக்கம். கட்டணம் செலுத்திவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று இருப்பது ஏமாற்றத்தில் முடியும். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதும், சிகிச்சைக்காக வெளியூர் செல்லும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில்வே பெருஞ்சலுகை தருகிறது என்பதும் ஆறு மாதக் கணக்கில் பார்த்தால் சிறு தொகையன்று.

மருந்து ஏறும் நாள்

அந்த நாளைப் பற்றி அச்சம் மிகுதி, சொல்ல வேண்டியது குறைவு. முந்திய நாளோ அன்று காலையோ இரத்தம் எடுத்து அணுக்களின் எண்ணிக்கை பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும். அது சிகிச்சையின் தோல்வி அன்று. காலையில் வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை, இட்லி போன்ற லேசான உணவு நல்லது. முதலில் வாந்தித் தடுப்பு மருந்துகள், பின்னர் கீமோ மருந்து, இடையிடையே குளுக்கோஸ் அல்லது உப்புநீர் என்று அரைமணியிலிருந்து ஏழெட்டு மணி நேரம் வரை ஆகலாம். நெடுநாள் சிகிச்சை என்றால் கைநரம்பைக் காப்பாற்ற, காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் போர்ட் என்னும் சிறு கருவியைப் பொருத்துவார்கள். ஊசி ஒவ்வொரு முறையும் அதன்மேல் குத்தப்படும்.

கை ஊசி வழியே மருந்து ஏறும்போது குத்திய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தோன்றினால் நொடியும் பொறுக்காமல் செவிலியரை அழைக்க வேண்டும். நரம்பை விட்டு வெளியே கசியும் சில மருந்துகள் சதையையே அழுகச் செய்யும். பொறுத்துக்கொள்வதைப் பண்பாகக் கற்ற முதிய பெண்கள் இந்த இடத்தில்தான் வாய் திறப்பதில்லை. மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், திடீர் முகச்சிவப்பு ஆகியவையும் உடனே சொல்ல வேண்டியவை. சிவப்பு மருந்துக்குப் பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும், அது இரத்தமன்று. ஆக்சாலிபிளாட்டின் ஏற்றியவருக்குச் சில நாள்கள் குளிர்ந்த நீரைத் தொட்டாலே விரலும் தொண்டையும் ஊசி குத்துவதுபோல் மரக்கும். குளிர்பெட்டியைத் திறப்பதும் ஐஸ் போட்ட சாறு குடிப்பதும் வேறொருவர் வேலையாக இருக்கட்டும்.

வீட்டின் 20 நாள்கள்

முதல் மூன்று நான்கு நாள்கள் குமட்டலுக்கும் அசதிக்கும் உரியவை. ஒண்டான்செட்ரான், அப்ரெபிடன்ட், ஒலான்சபின் போன்ற மருந்துகள் வந்த பிறகு, திரைப்படங்கள் பழக்கிய, வாந்தியெடுத்தே சரியும் நோயாளியின் சித்திரம் பெரிதும் பழையதாகிவிட்டது. ஆனால் அம்மாத்திரைகளை வாந்தி வந்த பிறகு போடுவதற்காக எடுத்து வைக்காமல், சீட்டில் எழுதிய நேரப்படி வருமுன் போட வேண்டும். அவற்றுள் ஒண்டான்செட்ரான் மலச்சிக்கல் தரும் என்பதைச் சொல்லாமல் விடுவதால் பலர் அதை நோயின் முற்றல் என்று அஞ்சுகிறார்கள். வாய்ப்புண் பெரும்பாலும் முதல் வாரத்தின் இறுதியில் தொடங்கும்; உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரில் நாளுக்கு நான்கைந்து முறை கொப்பளிப்பதும் மென்மையான பிரஷ்ஷும் விலை உயர்ந்த பல கொப்பளிப்பு மருந்துகளுக்குக் குறைந்தவை அல்ல.

ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையான காலமே மிக முக்கியமானது. வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்னும் வகை பாக்டீரியாக்களை எதிர்ப்பது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்க வேண்டிய அது இந்நாள்களில் அடிமட்டத்துக்கு இறங்குகிறது, 500-க்குக் கீழே போனால் உடல் ஏறக்குறைய காவலற்றதாகிறது. சீழ் பிடிப்பதும் சிவந்து வீங்குவதும் அந்த அணுக்களின் போராட்டத்தால் விளைபவை. அணுக்களே இல்லாதபோது கிருமி புகுந்த இடம் வீங்காது, சீழ் கட்டாது, இருமலில் சளி கூட வராமல் போகலாம். எஞ்சும் ஒரே அறிகுறி காய்ச்சல். ஆகவே 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கு மேல் தெர்மாமீட்டர் காட்டினால், அது நள்ளிரவானாலும் தீபாவளியானாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. குளிர் நடுக்கம் மட்டும் வந்து காய்ச்சல் இல்லாவிட்டாலும் தாமதிக்கக் கூடாது.

ஊர் வழக்கம் இதற்கு நேர்மாறானது. காய்ச்சல் என்றால் மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக் காலையில் பார்ப்போம் என்பதும், தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி போட்டு வருவதும் வேறு காலங்களில் பெரும்பாலும் பாதகம் செய்வதில்லை. கீமோ காலத்தில் பாராசிட்டமால் அந்த ஒரே அறிகுறியையும் அணைத்துவிடுகிறது. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது இடுப்பில் போடும் ஊசி உள்ளே இரத்தக் கசிவை உண்டாக்கலாம். வீட்டில் வேலை செய்யும் தெர்மாமீட்டர் ஒன்று, முடிச்சூரிலிருந்தோ மாடம்பாக்கத்திலிருந்தோ இரவு இரண்டு மணிக்கு எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போவது என்ற முடிவு, 108-ஐ யார் அழைப்பது என்ற பொறுப்பு, நோயின் பெயரும் மருந்துகளின் பெயரும் கடைசியாக ஏற்றிய தேதியும் எழுதிய ஒரு தாள் ஆகியவை முதல் சுற்றுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை. அந்தத் தாள் இல்லாமல் போனால் அவசரப் பிரிவின் இளம் மருத்துவர் வந்திருப்பவரைச் சாதாரணக் காய்ச்சல்காரராக வரிசையில் உட்கார வைத்துவிடக் கூடும்.

இப்பகுதிக்கு மழைக்காலம் தனிக் கணக்கு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் புறநகர்ச் சாலைகள் நாள்கணக்கில் நீரில் கிடந்ததும் நினைவில் இருப்பவர்கள், ஐப்பசி கார்த்திகையில் கீமோ நடக்கும் நோயாளியை அணுக்கள் இறங்கும் வாரத்தில் மேட்டுப் பகுதி உறவினர் வீட்டிலோ மருத்துவமனைக்கு அருகிலோ வைக்க வழி தேடுவது மிகைப்பட்ட எச்சரிக்கையன்று. அதே பருவத்தில் டெங்குவும் வருகிறது. அதுவும் காய்ச்சலோடும் தட்டணுக் குறைவோடும் வருவதால் எது எது என்று வீட்டில் பிரித்தறிய முயல வேண்டாம். லாரித் தண்ணீரானாலும் கேன் தண்ணீரானாலும் கொதிக்க வைத்து ஆறிய நீரே குடிக்க வேண்டும்.

உணவில் தமிழ்க் குடும்பங்களின் தவறு பெரும்பாலும் பத்தியத்தின் வடிவில் வருகிறது. நோய் என்றால் முட்டை, மீன், இறைச்சி, கத்தரிக்காய், தயிர் எனப் பட்டியல் போட்டு நீக்கி, கடைசியில் கஞ்சியும் ரசமும் மட்டும் மிஞ்சும்; அழிந்த அணுக்களை மறுபடி கட்ட உடலுக்குப் புரதம் தேவைப்படும் காலத்தில் புரதம்தான் முதலில் விடைபெறுகிறது. நன்கு வெந்த முட்டை, குழம்பில் கொதித்த மீன், பருப்பு, சுண்டல், கொதித்த பாலில் வீட்டில் உறைய வைத்த தயிர் ஆகியவை பெரும்பாலோருக்கு வேண்டியவை. விலக்க வேண்டியது பொருளையன்று, சுத்தமின்மையை: கடையில் நறுக்கி வைத்த பழம், தள்ளுவண்டிச் சட்னி, வேகாத காய்கறி, அரைவேக்காட்டு முட்டை. இனிப்பு தின்றால் புற்று வளரும் என்று அஞ்சிச் சோற்றையே குறைத்து எடையிழப்பவர்கள், எடையிழந்ததாலேயே அடுத்த சுற்றைத் தாங்க முடியாமல் போகிறார்கள். எவர்சில்வர் தட்டில் எல்லாம் உலோகமாகச் சுவைக்கிறது என்பவருக்கு வாழையிலையும் மரக்கரண்டியும் உதவும்.

தனித்தட்டு தேவையில்லை என்று சொல்லும்போதே ஒரு விதிவிலக்கையும் விளக்க வேண்டியிருக்கிறது. மருந்து ஏற்றிய பின் சுமார் இரண்டு நாள்களுக்குச் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் மருந்தின் எச்சம் வெளியேறுகிறது. அந்த நாள்களில் கழிப்பறையில் மூடியிட்டு இருமுறை நீர் ஊற்றுவதும், அசுத்தமான துணியைக் கையுறையோடு தனியாகத் துவைப்பதும், கர்ப்பிணிகள் அதைத் தொடாமலிருப்பதும் நல்லது. இது மருந்தைப் பற்றிய எச்சரிக்கையே. பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதை இது தடுக்காது. ஆனால் சளிப்பிடித்த பேரக்குழந்தையும், பார்க்க வருவதாகக் கூட்டமாக வரும் உறவினர்களும் நோயாளிக்கு ஆபத்து. இரண்டாம் வாரத்தில் வாசலில் நின்று 'இப்போது வேண்டாம்' என்று சொல்லும் கண்டிப்பு வீட்டில் யாரேனும் ஒருவருக்கு வேண்டும்.

முடி உதிர்வது இரண்டு மூன்று வாரங்களில் தொடங்கும். எல்லா மருந்துக்கும் உதிர்வதில்லை, உதிர்ந்தது சிகிச்சை முடிந்த சில மாதங்களில் திரும்பவும் வளரும். கொத்துக் கொத்தாகத் தலையணையில் விழுவதைப் பார்ப்பதைவிட முன்பே குட்டையாக வெட்டிக்கொள்வதோ மழித்துக்கொள்வதோ பலருக்கு ஆறுதலாக இருக்கிறது; மொட்டை வேண்டுதலாகப் பழகிய சமூகத்தில் அதைத் திருப்பதி மொட்டை என்று சொல்லிச் சமாளிக்கவும் முடிகிறது. அந்தச் சமாளிப்பு அக்கம்பக்கத்தாருக்கு என்றால் குற்றமில்லை. நோயாளியிடமே அது நடக்கும்போதுதான் சிக்கல்.

'அம்மாவிடம் கட்டி என்று மட்டும் சொல்லுங்கள், டாக்டர்' என்று மகன் தனியே வந்து கேட்பது இங்குள்ள எல்லாப் புற்றுநோய் மருத்துவர்களுக்கும் பழக்கமான காட்சி. அன்பால் எழும் அந்த மறைப்பு, மேலே சொன்ன 20 நாள்களை நோயாளியின் கையிலிருந்து பறித்துவிடுகிறது. தமக்கு ஏறியது சத்து ஊசி என்று நம்பும் பெண், பத்தாம் நாள் இரவில் உடம்பு லேசாகக் கதகதத்தால் யாரையும் எழுப்ப மாட்டார். பகலெல்லாம் ஓடியாடிய மருமகள் தூங்கட்டும் என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். கட்டி கரைந்ததும் இனி எதற்கு என்று கேட்பவருக்கு உண்மையான விடை சொல்லவும் முடியாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் நோயாளி என்பது ஒருபுறம் இருக்க, அடையாறு மருத்துவமனையின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்த எவருக்கும், படிக்கத் தெரியாமலே காத்திருப்புக் கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசிய எவருக்கும், உண்மை ஒரு நாளில் தெரிந்துவிடுகிறது. அதன்பின் வீட்டார் நோயாளியிடமும் நோயாளி வீட்டாரிடமும் தெரியாததுபோல் நடிக்கிறார்கள். எல்லாப் புள்ளிவிவரத்தையும் ஒரே நாளில் கொட்டுவது உண்மை சொல்வது ஆகாது. நோயின் பெயர், மருந்தின் நோக்கம், காய்ச்சலின் பொருள் என்ற மூன்றையாவது, அவர் கேட்கும் வேகத்தில், அவர் நம்பும் ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

கடைசிச் சுற்று முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. பாக்லிடாக்செல் போன்ற மருந்துகள் தந்த விரல்நுனி மரப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம். அது இருக்கும் வரை வெறுங்காலோடு நடப்பதும், வெந்நீரின் சூட்டைக் கால்விரலால் பார்ப்பதும் கூடாது. போர்ட் எடுக்கப்படும் வரை குறித்த இடைவெளியில் அதைக் கழுவி அடைப்பின்றி வைக்க வேண்டும். முதல் ஓரிரு ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபரிசோதனை தொடரும். மருத்துவமனை தரும் சிகிச்சைச் சுருக்கத்தில் ஒவ்வொரு மருந்தின் மொத்த அளவும் இருக்கிறதா என்று பார்த்து, பயாப்சி முடிவோடும் ஸ்கேன் தகடுகளோடும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்த வேண்டும். டாக்சோரூபிசினுக்கு வாழ்நாள் உச்சவரம்பு உண்டு என்பதால், பத்து ஆண்டு கழித்து மூச்சு வாங்குகிறது என்று வேறோர் ஊரில் வேறொரு மருத்துவரிடம் போனாலும், அவர் முதலில் தேடப்போவது அந்த எண்ணைத்தான்.